நெல்லையிலிருந்து நார்ஸ்மனுக்கு: குளிர்நாட்டு எக்ஸ்ட்ரீம் டிரையத்லானுக்குத் தயாராக ஒரு முழுமையான வழிகாட்டி

நெல்லை, தென்காசி, தூத்துக்குடிப் பக்கத்தில் ஏற்கெனவே முழு தூர டிரையத்லான் ஒன்றை முடித்துவிட்டு, அடுத்து நார்வேயின் நார்ஸ்மன் மாதிரி ஒன்றுக்குப் போக நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஸ்காட்லாந்தின் செல்ட்மன், சிலியின் படகோன்மன் போன்றவற்றுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

நார்ஸ்மனில் அதிகாலை 5 மணிக்கு ஹார்டாங்கர் ஃபியோர்டில் (மலைகளுக்கு நடுவே உள்ளே நீளும் கடல்) ஒரு கப்பலிலிருந்து குதிக்க வேண்டும். 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், 42.2 கிலோமீட்டர் ஓட்டம். மொத்த ஏற்றம் சுமார் 5,000 மீட்டர். வழியில் பழமும் தண்ணீரும் நீட்டும் மேஜைகளை எதிர்பார்க்காதீர்கள். சாப்பாடு, உடை, பஞ்சர், எல்லாமே நீங்கள் கூட்டிப்போகும் துணையாளும் அவருடைய காரும்தான்.

நம் பக்கத்தில் புதிதாக வருகிறவர்கள் முதலில் சைக்கிள் வாங்குகிறார்கள், பிறகு கிலோமீட்டர் சேர்க்கிறார்கள், கடைசி மாதம் வெட்சூட் (குளிர்நீரில் நீந்தப் போடும் ரப்பர் உடை) தேடுகிறார்கள், கடைசி வாரம் யாராவது மச்சானைக் காரோட்டக் கூப்பிடுகிறார்கள். இந்த வரிசையை அப்படியே தலைகீழாக்குங்கள். காலுக்குப் பலம் நம்மூர் வெயிலிலும் காற்றிலும் தானாக வரும். குளிரையும் துணையாளையும் தேடித்தான் பிடிக்க வேண்டும், அதனால் அவைதான் முதல் வேலை.

1. பெயர் கொடுக்கும் முன் மருத்துவர்

இசிஜி, எக்கோ, டிரெட்மில் சோதனை மூன்றையும் முடித்துவிடுங்கள். குளிர்ந்த நீரில் விழுந்த உடனே தோலுக்கு அருகிலுள்ள ரத்தக் குழாய்கள் சுருங்கும், ரத்த அழுத்தம் ஏறும், இதயம் தாறுமாறாக அடிக்கும். வெயிலில் பத்து மணி நேரம் சைக்கிள் ஓட்டியும் வெளியே தெரியாத இதயக் கோளாறு இங்கே வெளியே வரலாம். ஆஸ்துமா இருந்தால் குளிர்காற்றில் எப்படி இருக்கும் என்று மருத்துவரிடம் தனியாகக் கேளுங்கள்.

2. துணையாள்: உடம்புக்கு முன்னால் இவர்

இரண்டு பேர் வேண்டும். ஒருவர் போதும் என்று விதி சொன்னாலும் இரண்டு பேரையே கூட்டிப்போங்கள். ஒருவர் வண்டி ஓட்ட, இன்னொருவர் பை பிரித்து, சூடாக ஏதாவது தயார் செய்து, உங்களைக் கவனிக்க வேண்டும். அதிகாலை 3 மணிக்கு எழும் ஆள் இரவு வரை வண்டியும் ஓட்டிவிட்டு, உங்களோடு மலையும் ஏற முடியாது. நார்ஸ்மனில் கடைசி ஐந்து கிலோமீட்டர் அளவுக்குப் பாறைப் பாதை. அங்கே துணையாள் கூடவே ஏறியாக வேண்டும் என்பது கட்டாயம். ஆகவே இருவரில் ஒருவராவது மலை ஏறிப் பழகியவராக இருக்கட்டும்.

பாசமுள்ள ஆளைவிட, உங்களைப் பார்த்து "போதும்ணே, இறங்குங்க" என்று சொல்லத் துணிந்தவரைத் தேர்ந்தெடுங்கள். சொந்தக்காரர்கள் பெரும்பாலும் இங்கேதான் தடுமாறுகிறார்கள். பணம் செலவழித்து இவ்வளவு தூரம் வந்தாச்சே என்று அவர்களே உங்களை விரட்டுவார்கள். போட்டியை நிறுத்தும் அதிகாரம் அவருக்கு உண்டு என்பதை நீங்களே வாய் திறந்து, முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

ஓட்டுபவர் ஆர்டிஓ அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி எடுக்க வேண்டும். நார்வேயில் சாலையின் வலப்பக்கம் ஓட்ட வேண்டும், பகலிலும் முகப்பு விளக்கு எரிய வேண்டும், வேகம் மீறினால் அபராதம் மிகக் கடுமை. வாடகைக் காரை ஆட்டோமேட்டிக் கியராகவே கேளுங்கள். பழகாத பக்கத்தில் வலது கையும் கியரும் சேர்ந்தால் கவனம் சிதறும்.

3. விண்ணப்பம், விசா, காப்பீடு

போட்டி ஆகஸ்ட் தொடக்கத்தில். விண்ணப்பம் அதற்கு முந்தைய ஆண்டின் கடைசி மாதங்களில் திறக்கும், இடம் குலுக்கலில்தான். குலுக்கலில் வந்த பிறகு தொடங்கலாம் என்று காத்திருக்காதீர்கள். குளிர்நீர்ப் பழக்கம் எந்த ஆண்டுக்கும் உதவும்.

நார்வேக்குத் தேவையான ஷெங்கன் விசாவுக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். உங்களுக்கும் துணையாட்களுக்கும் ஒரே நாளில் போடுங்கள். உங்களுக்கு விசா வந்து துணையாளுக்கு வராவிட்டால் பயணமே வீண்.

காப்பீட்டில் ஒரு பொறி உண்டு. விசாவுக்குக் காட்டும் சாதாரணப் பயணக் காப்பீடு 30,000 யூரோ மருத்துவச் செலவுக்கு ஈடு தரும், ஆனால் விளையாட்டுப் போட்டியில் அடிபட்டால் பெரும்பாலும் தராது. பாலிசியின் விலக்குப் பட்டியலை வரி வரியாகப் படித்து, போட்டிக்கும் மலைமீட்புக்கும் சேர்த்து எடுங்கள்.

4. குளிர்ந்த நீர்: ஐஸ் பெட்டியில் தொடங்குங்கள்

ஃபியோர்டின் நீர் 13 முதல் 16 டிகிரி வரை இருப்பது வழக்கம், சில ஆண்டு அதற்கும் கீழே போகும். குற்றாலச் சாரலிலும் அகத்தியர் அருவியிலும் குளித்துப் பழகியவர்கள் அதையே போதுமான பயிற்சி என்று நினைத்துவிடுகிறார்கள். அருவியில் நிற்கும்போது வெளியே வர ஓரடி போதும், முகம் நீருக்குள் இல்லை, மூச்சும் உங்கள் கையில். நீச்சலில் இவை எதுவும் உங்கள் வசம் இல்லை.

குளிர்நீர் மூன்று கட்டமாகத் தாக்கும். முதல் ஒன்றிரண்டு நிமிடம் மூச்சுத் திணறல்: தன்னையறியாமல் வாய் திறந்து காற்றை இழுக்கும், அப்போது வாய் நீருக்குள் இருந்தால் ஆபத்து. அடுத்த பத்துப் பதினைந்து நிமிடத்தில் கை விரல்கள் மரத்துப்போகும். அரை மணிக்கு மேல் போனால் உடலின் உள்வெப்பமே இறங்கத் தொடங்கும். முதல் கட்டத்துக்கு நல்ல செய்தி உண்டு. சில நிமிடம் மட்டும் முங்கும் பயிற்சியை ஐந்தாறு முறை செய்தாலே அந்தத் திணறல் கணிசமாகக் குறையும், அந்தப் பழக்கம் மாதக்கணக்கில் நிற்கும்.

இதற்கு வீட்டில் என்ன செய்வது? உவரி, தூத்துக்குடி மீன்காரர்கள் வைத்திருக்கும் பெரிய ஐஸ் பெட்டி, ஒரு ஆள் காலை மடக்கி உட்காரும் அளவில் கிடைக்கும். சூடு உள்ளே வராததால் ஐஸ் வீணாகாது. மூடியைக் கழற்றி வேறு இடத்தில் வைத்துவிடுங்கள்.

கணக்கு இது. 200 லிட்டர் தண்ணீரை 29 டிகிரியிலிருந்து 14-க்கு இறக்க 30 கிலோவுக்குச் சற்று மேல் ஐஸ் வேண்டும். மே மாதம் மாடித் தொட்டித் தண்ணீர் 35 டிகிரியைத் தொடும்போது அதே வேலைக்கு 45 கிலோ ஆகும். அதனால் விடியற்காலையில் கிணற்றுத் தண்ணீரையோ ஆழ்துளைத் தண்ணீரையோ பிடியுங்கள். ஒரு தெர்மாமீட்டர் கட்டாயம். கையை விட்டுப் பார்த்துச் சொல்லும் வெப்பநிலை எப்போதும் தப்பு.

வரிசை:

முதல் வாரம் 20 டிகிரியில் மூன்று நிமிடம், கழுத்து வரை மட்டும். அடுத்து 17, அப்புறம் 14. நேரம் பத்து நிமிடத்தைத் தாண்ட வேண்டாம்.

திணறல் அடங்கிய பிறகுதான் முகத்தை முக்க வேண்டும். முக்கும்போது மூச்சைப் பிடிக்காதீர்கள், நீருக்குள் மெதுவாக ஊதுங்கள். குளிர் இதயத்தை வேகமாக்கும், மூச்சைப் பிடித்து முகத்தை முக்கினால் இதயம் மெதுவாகும். இரண்டு உத்தரவும் ஒரே நேரத்தில் போனால் துடிப்பு தாளம் தப்பலாம்.

தனியாக ஒருநாளும் செய்யாதீர்கள். வீட்டில் ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும்.

வெளியே வந்ததும் வெந்நீரில் குளிக்கக் கூடாது. கைகால்களில் இருக்கும் குளிர்ந்த ரத்தம் நடுவுடலுக்குத் திரும்புவதால், வெளியே வந்த பிறகும் சில நிமிடம் உள்வெப்பம் இறங்கிக்கொண்டே இருக்கும். வெந்நீர் ரத்தக் குழாய்களைத் திடீரென விரித்துத் தலைசுற்றவும் வைக்கும். துடைத்து, உலர்ந்த துணி போட்டு, சூடாகக் குடித்து, நடுங்கவிடுங்கள்.

5. மரத்த கையோடு உடை மாற்றும் ஒத்திகை

ஐஸ் பெட்டியின் பெரிய பயனே இதுதான், ஆனால் இதை யாரும் செய்வதில்லை. பெட்டியை விட்டு எழுந்த அதே நிமிடம், விரல் மரத்திருக்கும்போதே, முழு உடையையும் மாற்றிப் பாருங்கள். ஜிப் பிடிபடாது. ஈரக் காலில் சாக்ஸ் ஏறாது. ஹெல்மெட் கொக்கி மாட்டாது. இதை முதன்முதலாக, நீச்சல் முடியும் ஐட்ஃபியோர்டின் கரையில் கண்டுபிடிக்கக் கூடாது.

தீர்வுகள் எளிமையானவை. எல்லா ஜிப்பிலும் விரல் நுழையும் அளவுக்கு ஒரு கயிற்று வளையம் கட்டுங்கள். சாக்ஸைப் பாதி புரட்டி வையுங்கள். உடைகளைப் போடும் வரிசையிலேயே, கடைசியில் போடுவது அடியில் வரும்படி அடுக்குங்கள். துணையாள் உங்களுக்குத் துடைத்துவிட, கையுறை மாட்டிவிட இப்போதே பழகட்டும்.

முழுவதும் உலர்ந்த உடைக்கு மாறுங்கள், உள்ளாடை உட்பட. நம்மூரில் டிரைசூட்டோடு (நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றுக்கும் ஒரே உடை) அப்படியே சைக்கிளில் ஏறிவிடுவோம், காற்று காயவைத்துவிடும். அங்கே அந்த ஈரம் உங்களோடு மலை ஏறி, உச்சிக் காற்றில் உடலின் சூட்டை உறிஞ்சும். இதில் மிச்சம் பிடிக்கும் ஐந்து நிமிடத்துக்காக, மலை மேலே ஒரு மணி நேரம் கொடுக்க வேண்டி வரும்.

6. வெட்சூட்டும் திறந்த நீரும்

வெட்சூட் இடுப்பிலும் கழுத்திலும் இடைவெளி இல்லாமல் பிடிக்க வேண்டும், ஆனால் தோள் முழுதாகச் சுழல வேண்டும். நியோபிரீன் தலையுறையும் வாங்குங்கள். காலுறை அனுமதி உண்டா என்பதை அந்த ஆண்டின் விதிப்புத்தகத்தில் பாருங்கள். கழுத்தில் வாசலின் தடவாமல் இறங்கினால் உப்பு நீரில் தோல் அறுத்துவிடும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. நம் கடல் 28, 29 டிகிரி. அதில் வெட்சூட் போட்டு ஒரு மணி நேரம் நீந்தினால் உடல் சூடேறி மயக்கம் வரும். விடியலில் பதினைந்து நிமிடம் நீந்தி, அளவும் உராயும் இடமும் பார்த்துவிட்டுக் கழற்றிவிடுங்கள். நீண்ட நீச்சலெல்லாம் வெட்சூட் இல்லாமல்தான்.

திறந்த நீருக்கு ஜனவரி முதல் மார்ச் வரை திருச்செந்தூர், மணப்பாடு கடல் நல்லது. கூடவே ஒரு பைபர் படகு, இடுப்பில் மிதவை. தென்மேற்குக் காற்று தொடங்கிய பிறகு கடலை விட்டுவிடுங்கள். தாமிரபரணியில் நீந்துவதானால் ஊர்க்காரர்கள் நீந்தும் படித்துறை ஓரமாக, அவர்களிடம் கேட்டுவிட்டு. பாபநாசம் பக்கத்துப் பாறைச் சுழல்கள் ஆண்டுதோறும் உயிர் வாங்குகின்றன. கார் பருவ நெல் சாகுபடிக்கு அணை திறந்தால் நேற்றுப் பார்த்த நீரோட்டம் இன்று இருக்காது.

கப்பலிலிருந்து குதிப்பது சுமார் 4 மீட்டர் உயரம். கிணற்றில் குதித்து வளர்ந்தவர்களுக்கு இது பெரிதல்ல. கால் முதலில், ஒரு கை நீச்சல் கண்ணாடியைப் பொத்தியபடி.

7. சைக்கிள்: ஆடிக் காற்றும் கொடைக்கானல் இறக்கமும்

போட்டி ஆகஸ்டில் என்பது நமக்கு அடித்த அதிர்ஷ்டம். ஜூன், ஜூலையில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் பாயும் காற்று, பணகுடி, வள்ளியூர், ராதாபுரம் வரை சைக்கிளைச் சாய்த்துத் தள்ளும். ஹார்டாங்கர் பீடபூமியின் காற்றுக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் இந்தியாவில் எனக்குத் தெரியவில்லை. நாற்கரச் சாலையைத் தவிர்த்து, காற்றாலைகளுக்கு நடுவிலுள்ள கிராமச் சாலைகளில் ஓட்டுங்கள். லாரி ஒன்று கடக்கும்போது பக்கக் காற்று நின்று திரும்ப அடிக்கும், அந்த நொடியில் சைக்கிள் சாலை நடுவுக்குப் போய்விடும். உயரமான ரிம் கொண்ட முன்சக்கரத்தை இந்தக் காற்றில் சோதித்த பிறகு எடுத்துப்போவதா என்று முடிவு செய்யுங்கள்.

ஏற்றம் பற்றி. நார்ஸ்மனில் சைக்கிள் தொடங்கியதுமே கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,250 மீட்டர் ஏறி டீரானுட் போக வேண்டும். அதுவரை துணையாளின் உதவி கிடையாது. மாஞ்சோலைச் சாலை ஆசை காட்டும், ஆனால் அது புலிகள் காப்பகம், வனத்துறை அனுமதி இல்லாமல் போகக் கூடாது, சாலையும் இதற்கு லாயக்கில்லை. வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல், அல்லது போடியிலிருந்து போடிமெட்டு போங்கள். பல்சக்கரத்தில் முன்னால் 34 பல், பின்னால் 32 அல்லது 34 பல் இருக்கட்டும்.

எல்லோரும் ஏறிப் பழகுகிறார்கள், இறங்கிப் பழகுவதில்லை. டிசம்பர், ஜனவரியில் கொடைக்கானலில் தங்கி, விடியற்காலையில் மேல்சட்டையை நனைத்துப் போட்டுக்கொண்டு, அதன்மேல் மழைக்கோட்டோடு இறங்குங்கள், பின்னால் காரோடு. பத்து நிமிடத்தில் விரல் பிரேக்கைப் பிடிக்க மறுக்கும். எந்தக் கையுறை வேலை செய்கிறது என்று அப்போதுதான் தெரியும். மழையில் டிஸ்க் பிரேக் எவ்வளவு நிம்மதி என்பதும் தெரியும்.

வழியில் சுரங்கப்பாதைகள் உண்டு. முன்விளக்கு, பின்விளக்கு, ரிஃப்ளெக்டர் ஜாக்கெட் மூன்றையும் இங்கேயே மாட்டிப் பழகுங்கள்.

8. சாப்பாடு

குளிரில் தாகம் தெரியாது, பசியும் மங்கும். ஆனால் உடல் சூட்டைக் காக்கவும் எரிபொருள் செலவழிக்கிறது. மணிக்கு 60 முதல் 90 கிராம் மாவுச்சத்து என்ற கணக்கைக் கடிகாரம் பார்த்துக் கொடுப்பது துணையாளின் வேலை. "ஏதாவது வேணுமா?" என்று கேட்டால் "வேண்டாம்" என்றுதான் வரும். கையில் திணிக்க வேண்டும்.

உடன்குடிக் கருப்பட்டி போட்ட சுக்குக் காப்பி பிளாஸ்கில் இருந்தால் அது இனிப்பும் சூடும் ஒன்றாகத் தரும். உப்புப் போட்ட அரிசிக் கஞ்சி ஓட்டத்தில் நன்றாக இறங்குகிறது. கோவில்பட்டிக் கடலை மிட்டாய் குளிரில் கல்லாகிவிடும், கொழுப்பும் உண்டு, அதனால் சிறிதாக உடைத்துச் சைக்கிளின் முதல் பாதியில் மட்டும். இவை எல்லாவற்றையும் நீண்ட பயிற்சி நாட்களில் சாப்பிட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

பால், இறைச்சி சேர்ந்த பொருட்களை நம் நாட்டிலிருந்து நார்வேக்குள் கொண்டுபோக முடியாது. அடுப்பு கேஸ் விமானத்தில் ஏறாது, அங்கேயே வாங்க வேண்டும்.

9. வண்டியோடு முழு ஒத்திகை

ஜூன் கடைசியில் ஒருநாள், அதே ஆட்கள், அதே பெட்டிகளோடு. காலையில் ஐஸ் பெட்டி, உடை மாற்றம், பிறகு வள்ளியூர்ப் பக்கம் ஆறேழு மணி நேரம் சைக்கிள், கடைசியில் ஓட்டம். கார் உங்களைத் தாண்டிப்போய் முன்னால் நிற்க வேண்டும், பின்னாலேயே ஊரக் கூடாது. நிற்கும்போது முழு வண்டியும் வெள்ளைக் கோட்டுக்கு வெளியே இருக்க வேண்டும். இங்கே நமக்கு அந்தப் பழக்கம் இல்லை, அங்கே அதற்குத் தண்டனை உண்டு.

பெட்டிகளைப் பொருள் வாரியாகப் பிரிக்காமல் இடம் வாரியாகப் பிரியுங்கள்: கரை, பீடபூமி, கடைசி இறக்கம், ஓட்டம், மலை. ஒவ்வொன்றிலும் பெரிய எழுத்தில் தமிழில் ஒட்டுங்கள். மழையில், அவசரத்தில், "அந்த நீலக் கையுறை எங்கே?" என்று தேடும் நேரம்தான் துணையாட்களை உடைக்கிறது.

கூடவே குளிர்ச்சோதனையையும் பழக்குங்கள். நிற்கும் ஒவ்வொரு முறையும் துணையாள் கேட்கட்டும்: "அண்ணே, கட்டைவிரலால சுண்டுவிரலைத் தொடுங்க." முடியாவிட்டால், பேச்சு குழறினால், அல்லது கேட்டதற்குச் சம்பந்தமில்லாத பதில் வந்தால் காருக்குள் ஏற்றி, ஹீட்டர் போட்டு, உலர்ந்த துணி மாற்ற வேண்டும். நடுங்கிக்கொண்டிருந்த ஆள் சூடேறாமலே திடீரென்று நடுக்கம் நின்றால் அது தேறிவிட்டதற்கு அடையாளம் இல்லை. அத்தோடு போட்டி முடிந்தது, மருத்துவ உதவியைக் கூப்பிடுங்கள்.

10. ஓட்டமும் மலையும்

முதல் 25 கிலோமீட்டர் ஏரிக்கரைச் சமதளம். அங்கே வேகம் காட்டியவர்கள் அடுத்து வரும் ஏழு கிலோமீட்டர் செங்குத்துச் சாலையில் நிற்கிறார்கள். 32.5 கிலோமீட்டரில் முதல் 160 பேருக்குள் இருந்தால்தான் கௌஸ்டாடொப்பன் உச்சிக்கு அனுமதி, கறுப்பு டிஷர்ட். மற்றவர்கள் கீழே வேறு பாதையில் அதே தூரத்தை முடித்து வெள்ளை டிஷர்ட் வாங்குவார்கள். இரண்டும் முழுமையான முடிவுதான்.

ஏற்றத்தை வேகமாக நடக்கப் பழகுங்கள். பண்பொழி திருமலைக் கோயில் படிகளும், கடையம் பக்கத்துத் தோரணமலையும் போதும், நீண்ட சைக்கிள் பயிற்சிக்கு மறுநாள், களைத்த காலோடு. முதுகில் போட்டிக்கான பையைச் சுமந்து ஏறுங்கள்: கதகதப்பான உடை, தலைவிளக்கு, உணவு, தண்ணீர், போன், பணம். துணையாளுக்கும் அதே பை கட்டாயம், எனவே அவரும் ஏறட்டும்.

11. போட்டி வாரமும் அந்த நாளும்

திருவனந்தபுரத்திலிருந்து வளைகுடா வழியாக பெர்கன் போவது நமக்கு வசதி. அங்கிருந்து ஐட்ஃபியோர்ட் சுமார் 150 கிலோமீட்டர். குறைந்தது ஐந்து நாள் முன்னதாகப் போய்ச் சேருங்கள். சைக்கிள் பெட்டி ஒருநாள் தாமதமாக வருவது சாதாரணம். ஓட்டுபவர் பீடபூமிச் சாலை முழுவதையும் ஒருமுறை பகலில் ஓட்டி, நிற்கும் இடங்களைக் குறித்துக்கொள்ள வேண்டும். சாலையில் செம்மறியாடுகள் படுத்திருக்கும்.

ஃபியோர்டில் இரண்டு மூன்று சிறு நீச்சல், வெட்சூட்டோடு, துணையோடு. போட்டியன்று குதித்ததும் கையை வீச ஆரம்பிக்காதீர்கள். மல்லாந்து மிதந்து, மூச்சு அடங்கும் வரை ஒன்றிரண்டு நிமிடம் கொடுங்கள், பிறகு தொடங்கும் கோட்டுக்கு நீந்துங்கள். நடுவில் இருமல் வந்து, மூச்சு முட்டி, சளியில் ரத்தம் தெரிந்தால் நுரையீரலில் நீர் கோக்கிறது என்று பொருள். உடனே கையை உயர்த்திப் படகைக் கூப்பிடுங்கள். அதற்கு மேல் ஒரு வீச்சுகூட வேண்டாம்.

டீரானுட் வந்ததும் குளிரவில்லை என்றாலும் நின்று ஓர் அடுக்கு கூடுதலாகப் போடுங்கள். ஏறிவந்த சூட்டில் உடல் பொய் சொல்லும், பத்து நிமிடத்தில் வியர்வை குளிரத் தொடங்கும்.

12. முடித்த இரவு

அன்றிரவு வண்டியைத் தூரம் ஓட்டத் திட்டமிடாதீர்கள். துணையாட்களும் அதிகாலையிலிருந்து விழித்திருக்கிறார்கள். மலையடிவாரத்திலோ பக்கத்து ஊரான ருக்கானிலோ அறையை மாதங்களுக்கு முன்பே பிடித்துவிடுங்கள், அந்த வாரத்தில் இடம் கிடைக்காது. அவர்களுக்கும் உங்களுக்கும் சூடாக ஒரு சாப்பாடு அங்கே தயாராக இருக்கட்டும். மறுநாள் வெட்சூட்டை நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தி, மடிக்காமல் சுருட்டிப் பெட்டியில் வையுங்கள். மடித்தால் மடிப்பில் விரிசல் விழும்.